இரு வளைகோல்கள்

நாட்டு வரலாறு எழுதுவோர் அரசர்தம் போர்களையும் உடன்படிக்கைகளையும் விரித்துரைப்பர். குடிமக்கள் ஓய்வுக் காலத்தில் ஆடிய விளையாட்டுக்களை ஓரிரு வரிகளில் ஒதுக்கிவிடுவர். ஆயினும் ஓர் ஊர் எவ்வாறு ஒன்றுகூடி வாழ்ந்தது என்பதை அதன் விளையாட்டு நன்கு புலப்படுத்தும். கண்டி மலைநாட்டிலும் கடல் பல கடந்த அயர்லாந்துத் தீவிலும் வளைந்த கோல் கொண்டு நிகழ்ந்த இரு விளையாட்டுக்களின் வரலாற்றை ஒப்புநோக்கின், ஒரு விளையாட்டு எதனால் வாழ்கின்றது, எதனால் மங்குகின்றது என்னும் வினாவுக்கு விடை கிடைக்கும்.

இரண்டாம் இராசசிங்கன் காலத்தில், 1660ஆம் ஆண்டிற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் வெளியான அவரது நூல் மலைநாட்டார் விளையாட்டுக்கள் சிலவற்றைக் குறிப்பிடுகின்றது. புத்தாண்டிலே தேங்காயொடு தேங்காய் மோதவிட்டு வன்மை பார்ப்பது அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணத்துப் போர்த்தேங்காயை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மற்றொன்று பத்தினித் தெய்வத்தின்பொருட்டு நோய் நீங்க வேண்டி ஆடப்பட்டது. முழங்கை போல வளைந்த இரு கோல்களை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, ஒன்று முறியும்வரை இழுப்பர். முறியாத கோலுக்குரிய பக்கத்தார் வென்றவராவர். தோற்றவரை எள்ளி ஆர்ப்பரித்தலும் உண்டு. இதனை அரசன் தடுத்துத் தண்டமும் விதித்தான் என்பது நொக்ஸ் தரும் செய்தி.

இவ்விளையாட்டே சிங்கள மக்களிடையே அங்கெலிய எனப்படுவது. ‘அங்’ என்பது கொம்பு. ‘கெலிய’ என்பது விளையாட்டு. ஊரார் உடுபில, யட்டிபில என மேற்பக்கம் கீழ்ப்பக்கமாகப் பிரிவர். மேற்பக்கம் கோவலனுக்கும் கீழ்ப்பக்கம் பத்தினிக்கும் உரியன. மட்டக்களப்புத் தமிழரிடையே வழங்கும் கொம்புமுறியிலும் வடசேரி, தென்சேரி என்னும் இரு பிரிவுகள் உள்ளன. அவையும் கோவலனையும் கண்ணகியையும் சார்ந்தனவே. மொழி இரண்டாயினும் தெய்வம் ஒன்று, ஆட்டமும் ஒன்று. கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்கு அண்மையில் நிற்கும் பத்தினி தேவாலயம் இவ்வுறவிற்குக் கல்லாலாய சான்றாகும்.

இனி, அயர்லாந்தை நோக்குவோம். அங்கு ஆடப்படும் ஹேர்லிங் என்னும் விளையாட்டிலும் வளைகோலே தலையாய கருவி. அந்நாட்டார் அதனைக் ‘கமான்’ என்பர். வளைவு என்னும் பொருளுடைய சொல்லடியாக அப்பெயர் பிறந்தது. ‘ஆஷ்’ மரத்தின் அடிப்பாகம் வேரோடு இயல்பாக வளையும் இடத்திலிருந்து அக்கோல் செதுக்கப்படும். பந்து தக்கையை உள்ளே கொண்டு தோலாற் பொதியப்பட்டது. குகுலின் என்னும் வீரனைப் பற்றிய பழங்கதைகளிலேயே இவ்வாட்டம் இடம்பெறுகின்றது.

அங்கும் ஆட்சியாளர் தடை விதித்தனர். 1366இல் இயற்றப்பட்ட கில்கெனிச் சட்டங்கள், அயர்லாந்திற் குடியேறிய ஆங்கிலேயர் இவ்வாட்டத்தை விடுத்து வில்வித்தை பயிலவேண்டுமெனப் பணித்தன. 1527இற் கோல்வே நகரமும் இதனை விலக்கிற்று. ஆணைகளால் ஆட்டம் அழியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நிலக்கிழார்களே பந்தயம் கட்டி இதனைப் பேணினர். பின்னர் அவர்தம் ஆதரவு நீங்கிற்று. 1845 முதல் நேர்ந்த பெரும்பஞ்சத்திற் பத்து இலட்சம் பேர் வரை மாண்டனர். மேலும் அத்தொகையினர் நாடு நீங்கினர். ஊர்கள் வெறுமையாகவே விளையாட்டும் நலிந்தது. அரசாணை செய்யாததைப் பஞ்சம் செய்தது.

அதனை மீட்டோருள் முதல்வர் மைக்கல் கியூசாக் என்னும் ஆசிரியர். அரசாங்கச் சேவைப் பரீட்சைகளுக்கு மாணவரைப் பயிற்றிய அவர், தாமே றக்பியும் கிரிக்கெற்றும் ஆடியவர். 1884ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தேர்லிஸ் நகரில் ஒரு சிலர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். விதிகள் வரையப்பெற்றன, ஊர்தோறும் கழகங்கள் எழுந்தன. முதலாவது அகில அயர்லாந்து இறுதியாட்டம் 1888 ஏப்பிரல் 1ஆம் நாள் நிகழ்ந்தது. திப்பெரேரி கோல்வேயை வென்றது. பிறநாட்டு ஆட்டங்களில் ஈடுபடும் உறுப்பினரை விலக்கும் கடுவிதியொன்றும் பின்னர் ஏற்பட்டு, 1971இலேயே நீங்கியது. 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹேர்லிங்கை மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது.

கண்டியின் கதை வேறு வழிச் சென்றது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டு நிலச்சட்டம், உரிமை நாட்டப்படாத தரிசு நிலங்களையும் காடுகளையும் முடிக்குரியனவாக்கியது. தோட்டங்கள் பெருகின, பழைய ஊரமைப்புத் தளர்ந்தது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் அங்கே றக்பியைப் புகுத்தினார். 1906இற் போகம்பறையில் அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதின. 1945 முதல் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிராட்பிக் கேடயத்துக்காகப் பொருதுகின்றன. இன்று கண்டி றக்பி நகரெனவே அறியப்படுகின்றது. அதிற் குறைகாண்பதற்கில்லை, பாடசாலை, மைதானம், விதி, கேடயம் என்னும் நான்கும் அவ்வாட்டத்துக்கு வாய்த்தன.

இந்நாட்டுக் கோற்பந்தாட்டமாகிய எல்லே ஒருவாறு தப்பியது. மூங்கிற்கோலாற் பந்தை அடித்து, தரிப்பிடங்களைக் கடந்து ஓடிவரும் அவ்வாட்டம், விதிகளும் போட்டிகளும் பெற்றமையாற் சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் இன்றும் பொலிகின்றது. அங்கெலியவோ அரிதாகவே நிகழ்கின்றது. 1984இல் வெளியான பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலிற் கணநாத் ஒபயசேகர அதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஏட்டில் அது நிலைத்துவிட்டது, ஊரிற் குன்றிவிட்டது.

ஆகவே ஒரு விளையாட்டை வாழ்விப்பது கூடி ஆடும் ஊரும், அதன் முறையை வரையறுத்து அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும் அமைப்புமேயாம். ஹேர்லிங்கிற்கு அவ்வமைப்பைத் தந்த கூட்டத்தின் முன்னோடி ஓர் ஆசிரியர் என்பது நம் பாடசாலைகள் கருதத்தக்கது. அங்கெலியவும் கொம்புமுறியும் இரு மொழியாரும் ஒரு தெய்வத்தின் முன் எதிரெதிர் நின்று இழுத்த ஆட்டங்கள். பகைமைகள் பல கண்ட இந்நாட்டில், இழுத்து முடிந்தபின் ஒரே ஊராக வீடு திரும்பிய அம்மரபினை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைத்தல் மாணவர்க்கு இயலாத பணியன்று. முதியோர் உள்ளபோதே அதனைச் செய்தல் வேண்டும்.