பொதியின் எடையும் நீரின் உரிமையும்: தக்காணச் சாலைகள் சொல்லும் வரலாறு

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நெடுவழி நடப்பவர் கூடாரத்தைச் சிறிதாக்கலாம். மெல்லிய போர்வையைத் தேர்ந்தெடுக்கலாம். உணவை உலர்த்தி எடுத்துச் செல்லலாம். நீரை மட்டும் அவ்வாறு சுருக்க இயலாது. தக்காணத்து வெயிலில் நடக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து லிட்டர் வேண்டியிருக்கும். இரண்டு நாள் நீரைச் சுமப்பவரால் வேறு எதையும் எளிதில் சுமக்க முடியாது. ஆகவே, பயணச் சுமை குறைந்த வரலாறு என்பது வழியில் நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் வரலாறுமாகும். அந்நம்பிக்கை யாருக்கு வாய்த்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதற்கு ஐதராபாத்தையும் அதன் பழைய அரசுப் பரப்பையும் சார்ந்த சான்றுகள் சில உள்ளன.

இன்று செல்வர் குடியிருப்பாக அறியப்படும் பஞ்சாரா ஹில்ஸ், ஒரு சாலைச் சமூகத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. தமிழில் லம்பாடிகள் எனப்படும் பஞ்சாராக்கள் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி இந்தியா முழுவதும் சென்றவர்கள். 1632இல் வட இந்தியச் சாலையொன்றில் 14,000 மாடுகள் கொண்ட ஒரு தாண்டாவைக் கண்டதாக ஆங்கில வணிகர் பீட்டர் மண்டி எழுதியுள்ளார். அத்தனை மாடுகளுக்குத் தீவனத்தையும் நீரையும் உடன் கொண்டுசெல்வது நடவாத செயல். மாடுகள் வழியோரத்தில் மேய்ந்தன; வழியோரக் குளங்களில் நீர் அருந்தின.

இவ்வேற்பாட்டின் அரசியலை ஒரு மரபுரை உணர்த்துகிறது. 1630ஆம் ஆண்டளவில், தக்காணப் படையெடுப்பின்போது, முகலாயப் படைத்தலைவர் ஆசஃப் கான் பங்கி, ஜங்கி என்னும் இரு பஞ்சாராத் தலைவர்களுக்குச் செப்பேடு ஒன்று வழங்கினாராம். 19ஆம் நூற்றாண்டில் கம்பர்லெஜ் என்னும் ஆங்கில அதிகாரி இதைப் பதிவு செய்தார். பானையிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளலாம். கூரை வைக்கோலை மாட்டுக்குப் போடலாம். நாளொன்றுக்கு மூன்று கொலைகள் மன்னிக்கப்படும் என்பன அதில் தரப்பட்ட உரிமைகள். செப்பேட்டின் வரலாற்றுண்மை எவ்வாறாயினும், உரிமைகளின் வரிசையில் நீரே முதலில் நிற்பது கருதத்தக்கது. படைக்குத் தானியம் தடையின்றி வந்துசேர அரசு கொடுத்த விலை அது. அவ்விலையைச் செலுத்தியதோ அரசன்று. கிணற்றிலிருந்து இறைத்துச் சுமந்து வந்து வீட்டுப் பானையை நிரப்பிய ஊர்ப்பெண்.

சுமையைக் குறைக்க மற்றொரு வழி, அதைப் பிறர் தோளுக்கு மாற்றுவது. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே 18 அன்று காசிக்குப் புறப்பட்டார். திருப்பதி, அகோபிலம், சிரீசைலம் வழியாக ஐதராபாத்தை அடைந்து, அங்கிருந்து நாக்பூர் வழியே வடக்கே சென்றார். 1831 செப்டம்பர் 3 அன்று சென்னை திரும்பினார். உடன் சென்றோர் ஏறத்தாழ 100 பேர். பல்லக்குச் சுமக்கும் போயிகளும் அவர்களுள் அடங்குவர். நண்பர் சீனிவாச பிள்ளைக்கு அவர் எழுதி அனுப்பிய குறிப்புகள் ‘காசி யாத்திரை சரித்திரமு’ என 1838இல் தெலுங்கில் அச்சாயின. தங்குமிடம், கிடைக்கும் பொருள்கள், சாலையின் தன்மை ஆகியவற்றை அந்நூல் பின்வருவோர்க்கு வழிகாட்டும் வகையில் கூறுகிறது. ஒருவருடைய பயணம் இலேசாக அமைய எத்தனை பேர் நடக்க வேண்டியிருந்தது என்பதும் அதனால் நமக்குத் தெரியவருகிறது.

பல்லக்கில் சென்றவர்க்கும் நீர் வழியில்தான் கிடைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் குளமும் ஆறும் கலங்கியிருக்கும். அதற்குத் தென்னிந்தியர் அறிந்த மிக இலேசான கருவி தேற்றாங்கொட்டை, தெலுங்கில் சில்லகிஞ்ச. எட்டி மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த இம்மரத்தின் விதையை மண்பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரை ஊற்றினால், கலங்கல் அடியில் படியும். நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் தன்மையுடையவை. விதையிலுள்ள நீண்ட மூலக்கூறுகள் அவற்றைப் பிணைத்துக் கனமான திரள்களாக்குகின்றன. சுசுருத சங்கிதை இதனைக் கதகம் என்று குறிக்கிறது. கலித்தொகையின் நெய்தற்கலியில், பிரிவால் கலங்கிய தலைவியின் மனம் தெளிந்ததற்கு இவ்விதையால் தெளிந்த நீர் உவமையாகிறது. தேறு என்பதன் பிறவினை தேற்று. நீரைத் தெளியவைப்பதற்கும் துயருற்றவரை ஆற்றுவதற்கும் தமிழில் ஒரே வினை.

ஆனால் தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவின் குளநீரில் காலராக் கிருமியைக் கண்டறிந்தார். கண்ணுக்குப் புலப்படாத கிருமியே பகை என்று தெரிந்தபின், கொதிக்கவைத்தலும் குளோரினும் வடிகட்டியும் முதன்மை பெற்றன. நீரின் தூய்மை வேதியியலின் வினாவாயிற்று. எனினும் ‘தூய்மை’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் அதே காலத்தில் வழக்கில் இருந்தது.

1934இல் அம்பேத்கரும் தோழர்கள் ஏறத்தாழ 30 பேரும் எல்லோராக் குகைகளைக் காணச் சென்றபோது, நிஜாம் அரசைச் சேர்ந்த தௌலதாபாத் கோட்டையில் இறங்கினர். சாலைப் புழுதி படிந்திருந்ததால் வாயிலருகே இருந்த சிறு குளத்தில் முகம் கை கழுவினர். தீண்டத்தகாதவர் குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டனர் என்று ஒரு முதியவர் கூச்சலிட, கூட்டம் திரண்டது. கோட்டைக்குள் எங்கும் நீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் உடன்வர, அவர்கள் உள்ளே அனுமதிக்கப்பட்டனர். அம்பேத்கர் தம் தன்வரலாற்றுக் குறிப்புகளில் இந்நிகழ்ச்சியை எழுதியுள்ளார். அந்தக் குளத்துநீரில் கிருமி இருந்ததா என்பதை அங்கே எவரும் வினவவில்லை.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஒரு சமூகத்துக்குப் பிறர் வீட்டுப் பானையிலும் நீர் எடுக்க உரிமை தந்ததாகச் செப்பேட்டு மரபுரை சொல்கிறது. ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்குப் பின், பொதுக்குளத்து நீரைத் தொட்டதற்காகப் பயணிகள் காவலரின் கண்காணிப்பில் நடத்தப்பட்டனர். நீரின் மீது உரிமையற்றவர் தம் நீரைத் தாமே சுமக்க வேண்டியவராகிறார். அவருடைய பொதி எக்காலத்தும் கனமானது.

இன்று மூசி ஆறு பிறக்கும் அனந்தகிரிக் குன்றுகளில் நடக்கச் செல்லும் ஐதராபாத் மாணவர்கள், 100 கிராமுக்கும் குறைந்த நுண்குழல் வடிகட்டியைப் பையில் வைத்துக்கொள்ள முடியும். அது பாக்டீரியாவைத் தடுக்கும். பெரும்பாலான வைரசுகளைத் தடுக்காது. அவற்றுக்குக் குளோரின் மாத்திரையோ கொதிநீரோ வேண்டும். மிகக் குறைந்த எடையில், தேற்றாங்கொட்டையைவிட ஆற்றல் மிக்க கருவி கிடைத்துவிட்டது. பயணநூல்களை ஆராயும் மாணவர்கள், பயணி எதைச் சுமந்தார் என்பதோடு நின்றுவிடாமல், எந்தக் கிணற்றில் குடித்தார், இறைத்துக் கொடுத்தவர் யார், அதே கிணற்றில் குடிக்க முடியாமல் நடந்தவர் யார் என்றும் கேட்கவேண்டும். பொதிப்பட்டியலில் இடம்பெறாத எடை அவ்வினாக்களில்தான் வெளிப்படும்.