வேப்பிலை வாசலும் தகர வாசலும்

அம்மை கண்ட வீட்டுக்கு நாஞ்சில் நாட்டில் யாரும் காவல் போட்டதில்லை. நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தால் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிடும். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் வெளியிலேயே நின்று சேதி சொல்லிவிட்டுப் போய்விடுவார். உள்ளே தாளிப்பு கிடையாது, மீன் கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. படுத்திருப்பவருக்கு இளநீரும் நுங்கும், கிடைத்தால் அக்கானி என்கிற பதநீரும். முன்பே அம்மை கண்டு பிழைத்த ஒரு கிழவி பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குலையால் உடம்பை வருடிக்கொண்டிருப்பாள். மூன்றாம் தண்ணீர் விட்ட பிறகுதான் அந்த வீடு மறுபடி ஊரோடு சேரும்.

2020 கோடையில் அதே தெருக்களில் வேறொரு வாசலைப் பார்த்தோம். இரண்டு கம்பு, குறுக்கே தகரம், அதில் ஒட்டிய ஒரு ஸ்டிக்கர். வேப்பிலை சொன்னதைத்தான் தகரமும் சொன்னது. ஆனால் வேப்பிலையைச் செருகியவர் வீட்டுக்காரர். தகரத்தை அடித்தவர் வெளியிலிருந்து வந்தவர்.

பெரியம்மையையும் கொரோனாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு முதலில் தட்டுப்படுவது இதுதான். அம்மைக் காலத்தில் அடைப்பு மக்களுடையது, ஊசி அரசினுடையது. கொரோனாவில் அடைப்பு அரசினுடையது; ஊசியோ, தயங்கித் தயங்கிக் கடைசியில் ஜனங்களே வரிசையில் நின்று கேட்டு வாங்கிய பொருளானது. இந்த இடமாற்றம் எப்படி நடந்தது என்பதற்குக் கன்னியாகுமரி மாவட்டம் நல்ல களம். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த மண். அம்மை குத்தும் ஆணை திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. கோவிஷீல்டு ஊசிப் பெட்டி சென்னையிலிருந்து வந்தது.

அடைப்பை முதலில் பார்ப்போம். அம்மை வீட்டில் முடங்குவது ஒரு வீடு மட்டுமே. ஊர் வேலைக்குப் போகும், அந்த வீட்டுக்கு அரிசியும் விறகும் எப்படியோ வாசலுக்கு வந்துசேரும். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவில் அமலான அடைப்பில் எல்லா வீடும் ஒரே நேரத்தில் முடங்கியது. யாருக்கு யார் அரிசி கொண்டுபோவது? தோவாளைப் பூச்சந்தை மூடியது, பிச்சியும் அரளியும் செடியிலேயே கருகின. கடற்கரையில் வழக்கமாக 61 நாள் இருக்கும் மீன்பிடித் தடைக்காலத்தை அந்த ஆண்டு 47 நாளாகக் குறைத்தார்கள். அதற்கு முன்பே வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன என்பதால் அது சலுகையா கணக்குத் தீர்ப்பா என்று கடற்கரைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.

‘வீட்டுக்குள் இரு’ என்ற கட்டளைக்கு முன்னால் வீடு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அம்மைக் காலத்து மனிதன் பெரும்பாலும் பிறந்த ஊரில்தான் படுத்தான். 2020-இல் இந்த மாவட்டத்தின் ஆட்கள் வளைகுடா முழுக்கப் பரவிக் கிடந்தார்கள். ஈரான் துறைமுகங்களில் வள்ளத்தொழிலுக்குப் போன குமரிக் கடற்கரைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள். பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் தூத்துக்குடிக்கு வந்தபோது தேதி ஜூலை 1. அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள்.

அதற்காக வேப்பிலை வாசலைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பெரியம்மை கண்ட பத்துப் பேரில் மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் கண் போனவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் ஜனங்களும் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. முள்ளையும் மரத்தடியையும் ரோட்டில் போட்டு ஊர் எல்லையைத் தாங்களே மறித்த கிராமங்கள் தமிழகமெங்கும் இருந்தன. பயம் வந்தால் அயலானைத் தள்ளி நிறுத்த நமக்கு அரசாணை தேவைப்படுவதில்லை.

வேப்பிலை முறை ஓரளவுக்காவது பலித்ததற்குக் காரணம் நோயின் குணம். பெரியம்மை முகத்தில் எழுதிக்கொண்டு வரும். கொப்புளம் தெரியாமல் அம்மை இல்லை. ஒருமுறை கண்டவருக்கு மறுபடி வருவதும் அபூர்வம். எனவே யாரை விலக்க வேண்டும், யாரைப் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது. கொரோனா இந்த இரண்டு வசதியையும் தரவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் பரப்பினார். ஒருமுறை வந்தவருக்கும் திரும்ப வந்தது. அம்மனுக்குக்கூட வேலை மாறிப்போயிற்று. பங்குனி சித்திரை வெயிலில் அம்மை தணிய வேண்டிக் கொடை எடுத்த முத்தாரம்மன் கோயில்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. 2020 கோடையிலும் 2021 கோடையிலும் கொள்ளைநோயைக் காரணம் காட்டியே அந்தக் கோயில்கள் பூட்டப்பட்டன.

ஆஸ்பத்திரிக் கதையில் இரண்டு காலமும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நிற்கின்றன. பெரியம்மைக்காரர் ஆஸ்பத்திரியைத் தேடவே இல்லை. அது அம்மன் வந்திருக்கும் உடம்பு. அதற்கு மருந்து கொடுப்பது மரியாதைக் குறைவு. 1838-இல் நெய்யூரில் டாக்டர் ராம்சே தொடங்கிய லண்டன் மிஷன் வைத்தியசாலைக்குக் கூட்டம் வந்தது வேறு நோய்களுக்கு. அந்தக் கூட்டம் எத்தகையது என்பதற்கு ஒரு சாட்சி: 1922-இல் எவரெஸ்ட் பயணத்தை முடித்துவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த சோமர்வெல், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்து மனம் மாறி அங்கேயே அறுவை மருத்துவராகச் சேர்ந்துவிட்டார். அப்போது பற்றாக்குறை மருத்துவருக்கு.

2021 மே மாதத்தில் பற்றாக்குறை காற்றுக்கு. மே 21 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களுக்கென இருந்த ஆசாரிப்பள்ளம் வளாகம்தான் இப்போது மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி. மீண்டும் நுரையீரல்காரர்களே அதை நிறைத்தார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வரும் மகேந்திரகிரியிலிருந்து, ராக்கெட்டுக்கு எரிய வேண்டிய திரவ ஆக்சிஜனை இஸ்ரோ மருத்துவமனைகளுக்கு அனுப்பியது. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் ஆலையை ஆக்சிஜனுக்காக மட்டும் திறந்தார்கள். இதற்கிடையே டவ்தே புயலும் அதன் பின்னாலேயே யாஸ் புயலும் கொட்டிய மழையில் வாழைத்தோட்டங்கள் நீரில் நின்றன.

விளவங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு கஷ்டம். அவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், நாகர்கோவில் அப்புறம்தான். களியக்காவிளையில் இ-பாஸ் கேட்டபோதுதான் 1956 கோடு அவர்கள் உடம்பில் பட்டது. அரசு ஆவணத்தில் இருந்த எல்லை டயாலிசிஸ் நோயாளிக்கும் புற்றுநோயாளிக்கும் திடீரென்று தடுப்புக்கம்பாக வந்து நின்றது.

இனி ஊசி. ஜென்னரின் கண்டுபிடிப்பு 1796. இந்தியாவில் முதல் குத்து 1802 ஜூன் 14, பம்பாயில், அன்னா டஸ்ட்ஹால் என்ற குழந்தைக்கு. திருவிதாங்கூரில் 1813, ராணி கௌரி லட்சுமிபாய் காலம். பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் இருந்த சமயம். ராணி தன் குடும்பத்தாரிடமிருந்தே தொடங்கினார் என்பது திருவிதாங்கூர் வரலாறு சொல்லும் செய்தி. அன்று குளிர்பெட்டி கிடையாது. ஒரு குழந்தைக்குக் குத்தி, வாரம் கழித்து எழும் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்துவார்கள். கைக்குக் கை. தீண்டல் தூரத்தை அடிக்கணக்கில் அளந்து வைத்திருந்த நாட்டில் இது என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! ராணி கையை நீட்டிவிட்டதால் குடிகள் நீட்டிவிடவில்லை. 1879-இல் அரசு ஊழியர், பள்ளிப் பிள்ளைகள், கைதிகள் ஆகியோருக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கி அரச விளம்பரம் வர வேண்டியிருந்தது. அதன் பின்னும் அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் பிள்ளைகள் பின்சுவர் ஏறிக் குதித்தது அப்பன் தலைமுறை வரை நடந்த கதை.

கொரோனாவுக்கு இந்தியாவில் முதல் நோயாளி 2020 ஜனவரி 30-இல் கேரளத்தில். முதல் ஊசி 2021 ஜனவரி 16-இல். ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வேகமே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. “இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்சான்?” என்று டீக்கடையில் கேட்டவர்களை முட்டாள்கள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை, கேள்வி சரி, கேட்ட இடம்தான் வாட்ஸப். மார்ச் 1-இல் பிரதமர் போட்டுக்கொண்டார். ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக், மற்றவர்களுக்கு முன்மாதிரியாகச் சென்னை அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னது ஊர் காதில் ஏறவில்லை. பிரபலத்தின் கை ஊரைக் கூட்டி வரவும் செய்யும், கலைக்கவும் செய்யும்.

இதே மாவட்டத்தின் எம்.பி. வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28-இல் கொரோனா பாதிப்பில் இறந்தார். அந்த இடத்துக்கு 2021 ஏப்ரல் 6-இல் இடைத்தேர்தல், கூடவே சட்டமன்றத் தேர்தல். கொரோனா காலியாக்கிய இடத்துக்கு நடந்த பிரசாரத்தில் முகக்கவசம் பெரும்பாலும் தாடைக்குக் கீழே கிடந்தது. ஏப்ரலிலும் ஊசி முகாம்களில் நர்சுகள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மே பாதியில் எல்லாம் தலைகீழ். டோக்கனுக்கு விடியற்காலையில் வரிசை. மருந்து தீர்ந்துவிட்டது என்றால் சண்டை. மாற்றியது அறிவிப்பா, விழிப்புணர்வுப் பாட்டா? தெருவுக்கு ஒரு சாவு விழுந்ததுதான் மாற்றியது என்று நினைக்கிறேன்.

ஆனால் அம்மைக் காலத்தில் சாவு இதைவிட நெருக்கமாக இருந்ததே, அப்போது ஏன் ஜனங்கள் ஊசியிடம் ஓடவில்லை? அம்மைக்கு ஒரு சொந்தக்காரி இருந்தாள். நேர்ந்துகொள்ள இடம், செய்ய வேண்டிய முறை, பக்கத்தில் உட்கார ஆள் எல்லாம் இருந்தன. கொரோனா நோயாளியை ஆம்புலன்ஸ் கொண்டுபோயிற்று. செத்தால் உடம்பு பையில் கட்டி வந்தது. 2021 மே மாதம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்துப் பூஜை செய்தார்கள். கேலி செய்தவர்கள் பலர். எனக்கு அது இல்லாத சொந்தக்காரியைத் தேடிய முயற்சியாகவே பட்டது. அவள் நிலைக்கவில்லை. வேறு பிடிமானம் இல்லாதபோது ஊசி பிடிமானமாயிற்று.

2021 ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஊசி என்று அறிவித்தபோது, தெரியாமலேயே ஒரு தலைமுறையைப் பிரித்தெடுத்திருந்தார்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதம். சில வருடங்களில் அம்மை குத்துவதும் நின்றது. ஆக அந்த முகாம்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் பழைய தழும்போடு வந்தவர்கள். ஒரு பள்ளிக்கூட முகாமில் எனக்கு முன்னால் இருந்த பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டினார். காலணா அகலத்தில் இரண்டு வட்டம், உள்ளே சுருங்கிய தோல். “பாட்டா, கையை லூசா விடுங்க” என்றாள் நர்ஸ். “இது அம்மை குத்தினது மக்களே. அன்னைக்கு நாலு பேரு பிடிச்சு அமுக்கித்தான் குத்தினானுவ. அதுக்க பக்கத்துலயே போடு” என்றார் அவர். காலையில் ஏழு மணிக்கே வந்து டோக்கன் வாங்கியவர்.

அலை தணிந்ததும் வரிசையும் தணிந்தது. இரண்டாம் தவணைக்கு ஆள் குறைந்தார்கள். 2021 செப்டம்பர் 12-இல் தமிழக அரசு மெகா முகாம்களைத் தொடங்கியது. நவம்பரில் பொது இடங்களுக்கு வருவோர் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று பொது சுகாதாரத்துறை அறிவித்தது. நர்சுகள் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 2022 ஜனவரியில் மூன்றாவது ஊசி வந்தபோது கை நீட்டியவர்கள் இன்னும் குறைவு. ராணி காலத்துக் குத்துகாரர் செய்த வேலைதான் மறுபடி: பை ஒரு தோளில், பட்டியல் ஒரு கையில், “வீட்ல ஆளு இருக்கா?”