பவுடர் போடாத காலை

நெமிலி அத்தைக்கு வேலூரில் மேமோகிராம் எடுக்க நாள் குறித்தாயிற்று. முதல் நாள் இரவு போனில் சொன்னேன். "காலைல குளிச்சுட்டு பவுடர், சென்ட் எதுவும் போடாதீங்க அத்தை."

"பவுடர் போடாம எப்டிடா பஸ் ஏறுறது?"

மார்பில் கட்டி இருப்பதை மூன்று மாதம் யாரிடமும் சொல்லாதவர், பவுடருக்காக என்னிடம் வாதாடினார்.

இந்த ஒரு வரி அறிவுரைக்குப் பின்னால் நூறாண்டுக் கதை இருக்கிறது. பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், அறுவை செய்து எடுத்த சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, 1913-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். புற்று இருந்த இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன. அவை கால்சியத் துகள்கள். அவற்றின் முக்கியத்துவத்தை 1950 வாக்கில் அழுத்திச் சொன்னவர் உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்ன். பவுடரிலும் டியோடரண்டிலும் இருக்கும் தாதுத் துகள்கள் படத்தில் ஏறக்குறைய அதே மாதிரி விழும். மருத்துவரே குழம்பிப்போக வாய்ப்புண்டு. பவுடர் வேண்டாம் என்பது அதனால்தான்.

பலருக்குப் பயம், இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்துவதில். அப்படி அழுத்தி எடுக்கும் முறையை வலியுறுத்தியவரும் லெபோர்ன்தான். அழுத்தினால் திசு பரவும், படம் தெளிவாகும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். வலி சில நொடிகள். மாதவிலக்கு வருகிறவர்களுக்கு அது முடிந்த அடுத்த வாரத்தில் வலி குறைவு. ஆனால் கட்டி தட்டுப்பட்டால் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கக்கூடாது, உடனே போக வேண்டும். இடுப்புக்கு மேல் மட்டும் கழற்ற வேண்டியிருப்பதால் புடவையோ சுடிதாரோ வசதி. பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எது புதிது என்று தெரியும்.

படம் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் இல்லை. மும்பை டாடா மெமோரியல் 1998-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள். அதிலேயே 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றால் இறப்பவர்கள் சுமார் 30 சதவீதம் குறைந்தார்கள். மெஷின் எட்டாத ஊர்களுக்கு இது பெரிய செய்தி. மூன்று மாதம் மறைத்து வைக்காமல் இருந்தால்தான் கையோ மெஷினோ உதவும்.

பஸ்ஸில் அத்தைக்கு சாலமன் கதையைச் சொன்னேன். யூதர் என்பதால் 1933-ல் பல்கலைக்கழக வேலை பறிபோனதை, 1938-ல் சாக்சன்ஹவுசன் முகாமில் அடைக்கப்பட்டதை, பிறகு நெதர்லாந்துக்குத் தப்பியதை.

"அவருக்குப் புள்ளைங்க?"

ஒரே மகள், சார்லோட். ஓவியர். 1943-ல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார், வயது 26. அப்பா பிழைத்திருந்தார்.

அத்தை கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "மூணு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கணும்டா."