கறள் தின்ற குழல்கள்

துவக்கு என்ற சொல்லை எழுதும்போது எம்மவர் எவருக்கும் கை சற்றுத் தயங்கும். முப்பது ஆண்டுகள் அச்சொல்லைத் தலைப்புகளில் அடுக்கி வைத்த செய்தித்தாள்காரனுக்குச் சொல்லவே வேண்டாம். ஆயினும் இங்கு நான் எழுத முற்படுவது போர்க் கருவி பற்றியன்று. நூறு ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலும் அமெரிக்கச் சிறுவர்களுக்கென வார்க்கப்பட்டு, களஞ்சியங்களிலும் பண்ணை வீடுகளின் கதவு மூலைகளிலும் கறள் பிடித்துக் கிடந்து, பின்னர் நரைத்த தலையர் சிலரால் மீண்டும் சுடத்தக்க நிலைக்குக் கொண்டுவரப்படும் ஒற்றைச்சூட்டுத் துவக்குகளின் கதை இது. அக்கதையில் இரசாயனமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. பழையதைப் பேணுவது என்றால் என்ன என்ற தீராத வழக்கும் இருக்கிறது.

தொடக்கம் பிரான்சில். 1845ஆம் ஆண்டளவில் லூயி நிக்கொலா புளோபேர் என்னும் துவக்குக் கம்மியர், தூண்டுமருந்து அடைத்த சிறு செப்புத் தொப்பியின் வாயில் ஓர் ஈயக் குண்டைப் பொருத்தினார். தனியே வெடிமருந்து இல்லை. வரவேற்பறையில் இருந்தபடியே இலக்குப் பலகையைச் சுடும் பொழுதுபோக்குக்கு அது போதுமானதாயிற்று. 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியிலும் அவருடைய துவக்குகள் இடம்பெற்றன. அக்கருத்தை வளர்த்தெடுத்து, சிறிது கரிமருந்தையும் சேர்த்து, 1857இல் அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனத்தார் தமது கைத்துவக்குக்காக .22 சோர்ட் தோட்டாவை வெளியிட்டனர். அது இன்றும் உற்பத்தியில் உள்ளது.

இத்தோட்டாவின் அமைப்பைச் சற்று விளக்குதல் வேண்டும். பின்னர் வரும் சங்கடங்கள் எல்லாம் அதிலிருந்தே பிறந்தன. தோட்டாக் கூட்டின் அடிவிளிம்பு உட்புறம் வெறுமையாக இருக்கும். தூண்டுமருந்து அதற்குள் பரப்பப்படும். சுத்தியல் ஊசி விளிம்பை நசுக்கும்போது தீப் பிறக்கும். நசுங்க வேண்டுமானால் உலோகம் மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லியதாக இருந்தால் அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஒருமுறை நசுங்கிய விளிம்பில் மீண்டும் மருந்து நிரப்பவும் வீட்டில் வழியில்லை. எங்கள் வன்னிக் கமக்காரனின் இடியன் துவக்குக்கு மருந்தும் சன்னமும் கிடைத்தால் போதும், அது என்றும் வெடிக்கும். விளிம்புத் தோட்டாத் துவக்கோ தொழிற்சாலையின் தயவில் வாழ்வது.

அத்தொழிற்சாலைகளுள் முதன்மையானது மசாசூசெற்ஸ் மாநிலத்தின் சிக்கொப்பி போல்ஸ் என்ற ஊரில் இருந்தது. 1864இல் யோசுவா ஸ்ரீவன்ஸ் தொடங்கிய நிறுவனம் அது. இன்று உலகெங்கும் புழங்கும் .22 லோங் ரைபிள் தோட்டா 1887இல் அந்நிறுவனத்தின் பெயரோடு வெளிவந்தது. 1890களில் வந்த 'பேவரிற்' என்ற சிறு துவக்கு சிறுவர் உலகைக் கைப்பற்றியது. கைநெம்பைக் கீழே தள்ளினால் குழலின் பின்வாய் திறக்கும். ஒரு தோட்டாவை இட்டு மூடவேண்டும். அவ்வளவுதான். வின்செஸ்ரர், ரெமிங்டன் ஆகியோரும் இச்சந்தைக்கு வந்தனர். ஜோன் பிறவுணிங் 1879இல் காப்புரிமை பெற்ற ஒற்றைச்சூட்டு அமைப்பை வின்செஸ்ரர் விலைக்கு வாங்கி 1885இல் வெளியிட்டது தனிக் கதை.

சிறுவர் துவக்குகளால் பெயர் பெற்ற சிக்கொப்பி போல்ஸ் தொழிற்சாலையின் விதியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1915இல் வெஸ்ரிங்ஹவுஸ் நிறுவனத்தின் கிளையொன்று அதை வாங்கி, ரஷ்யச் சக்கரவர்த்தியின் படைக்கு மொசின் நகான்ட் துவக்குகளைச் செய்யத் தொடங்கியது. 1917இல் புரட்சி வந்தது. வாங்குவதாக ஒப்பிய சக்கரவர்த்தி இல்லாமற் போனார். 1920இல் தொழிற்சாலை சவேஜ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

இனிக் கறளுக்கு வருவோம். இத்துவக்குகளுள் பெரும்பாலானவற்றின் வெளிப்புறம் ஓரளவு நன்றாகவே இருக்கும். குழலினுள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தால் கைவிடப்பட்ட சாக்கடைக் குழாய் போலத் தோன்றும். சிறுவர்கள் துடைக்காமல் விட்டார்கள் என்று பெரியவர்கள் நெடுங்காலம் ஏசினர். அது பாதி உண்மையே. தூண்டுமருந்தில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. அது எரிந்தபின் பொற்றாசியம் குளோரைட்டாகக் குழலில் படிந்தது. சாப்பாட்டு உப்பின் உடன்பிறப்பு. காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் தின்னும். கரிமருந்துக் காலத்தில் இவ்வுப்பு ஏராளமான கரிக்கசட்டோடு கலந்து ஐதானது. அக்கசட்டைப் போக்கச் சுடுவோர் வெந்நீர் ஊற்றிக் கழுவினர், உப்பும் கரைந்து போயிற்று. புகையில்லா மருந்து வந்ததும் குழல் சுத்தமாகத் தெரிந்தது. தண்ணீரைக் கைவிட்டு எண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்தின் அடியிலிருந்து அது தன் வேலையைத் தொடர்ந்தது. கவனமாகப் பேணிய சிறுவனின் துவக்கும் பேணாதவனின் துவக்கும் ஒன்றாகவே அழிந்தன.

இதனைத் தெளிவாக நிறுவியது 1922இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகம் வெளியிட்ட, வில்பேர்ட் ஹப் என்பவரின் ஆய்வறிக்கை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் குளோரேற்று இல்லாத தூண்டுமருந்துகள் சந்தைக்கு வந்தன. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைத் துவக்குகளின் குழல்கள் போய்விட்டிருந்தன.

அழிந்த குழலை மீட்க வழி ஒன்றே. பழைய துளையைப் பெரிதாகக் குடைந்து, புரி வெட்டிய புதிய எஃகு உட்குழல் ஒன்றைச் செருகி, ஈயப்பற்றோ பசையோ கொண்டு நிலைநிறுத்துவது. இக்கருத்தின் முன்னோடியைப் பிரித்தானியப் படையில் காணலாம். மார்ட்டினி ஹென்றித் துவக்கினுள் மெல்லிய 'மொரிஸ் குழாயை'ச் செருகி, செலவு குறைந்த சிறு தோட்டாக்களால் படையினரைப் பயிற்றினர். 1899இல் தொடங்கிய போவர் யுத்தம் பிரித்தானியப் படைவீரனின் குறி எவ்வளவு மோசமானது என்பதைக் காட்டிவிட்டது. (அந்த யுத்தத்தில் பிடிபட்ட போவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் எமது தியத்தலாவையிலும் ஏனைய முகாம்களிலும் அடைக்கப்பட்டனர் என்பதை நினைவூட்டுகிறேன்.) படைத்தளபதி ரொபேர்ட்ஸ் பிரபு ஊருக்கு ஊர் .22 சுடும் கழகங்கள் வேண்டுமென்று முழங்கினார். கழகங்கள் பெருகின, குழல்களும் தேய்ந்தன. பர்மிங்காமின் பார்க்கர் ஹேல் நிறுவனம் உட்குழல் பொருத்துவதையே ஒரு வணிகமாக்கியது.

குழலோடு வேலை முடிவதில்லை. தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை இழுத்து விளையாடியதால் ஊசி குழல்வாயின் ஓரத்தைக் குத்திக் குழியாக்கியிருக்கும். தோட்டா உள்ளே போகாது. கைநெம்பின் ஆணிகள் தேய்ந்து, பின்வாயை அடைக்கும் கட்டை தளர்ந்திருக்கும். அவ்விடைவெளியில் மெல்லிய விளிம்பு பிளந்தால் சூடான வாயு சுடுபவனின் முகத்திற்கே திரும்பும். 1930ஆம் ஆண்டளவில் வந்த அதிவேகத் தோட்டாக்களுக்காக இவை செய்யப்படவில்லை. ஆகவே தேர்ந்த கம்மியரிடம் காட்டாமல் பழைய துவக்கைச் சுடுவது மடமை என்று இத்துறை அறிந்தோர் அனைவரும் ஒருவாய்ப்படச் சொல்வர்.

மற்றொரு தடை தோட்டா இல்லாமை. 1900இல் ஸ்ரீவன்ஸ் கொண்டுவந்த .25 தோட்டாவின் உற்பத்தி இரண்டாம் உலக யுத்த காலத்தில் நின்றது. அதற்கென வார்த்த நல்ல துவக்குகள் குழல் கெடாமலேயே ஊமையாயின. அவற்றை .22ஆக மாற்றுவோர் உளர். அதைக் கொலை என்று சொல்வோரும் உளர். ஜேம்ஸ் கிராண்ட் 1947இல் ஒற்றைச்சூட்டுத் துவக்குகள் பற்றி நூல் எழுதினார். 1948இல் அமெரிக்க ஒற்றைச்சூட்டுத் துவக்குச் சங்கம் தோன்றியது. இந்த வழக்கும் அவ்வட்டத்தாரிடையே முடிந்தபாடில்லை. என்னைக் கேட்டால், உருக்குலைந்த குழலுக்கு உட்குழல் இடுவதில் தவறு காணேன். ஆனால் நிறம் மங்கிய உலோகத்தை மெருகேற்றித் தொழிற்சாலை முத்திரைகளைத் தேய்த்தழிப்பவரை மன்னிக்க மாட்டேன். முன்னையது மருத்துவம், பின்னையது பழைய ஏட்டுச்சுவடியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு ஓலையைப் பளபளப்பாக்குவது போன்றது.

சட்டங்கள் இவ்வழக்கை வேறு விதமாகத் தீர்க்கின்றன. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்டது தொல்பொருள். ஒரே அச்சில் வார்த்த இரு பேவரிற் துவக்குகளுள் 1897இன் பிள்ளைக்குச் சலுகை உண்டு, 1899இன் பிள்ளைக்கு இல்லை. பிரித்தானியாவில், அதே 1968இல் வந்த சட்டத்தின்படி, பழைய துவக்கை அருங்காட்சிப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கும் வரைதான் விலக்கு. சுடுவதற்கென்று வைத்திருந்தால் அனுமதிப்பத்திரம் வேண்டும். விளிம்புத் தோட்டா இடும் .22 துவக்குக்கோ, அது எவ்வளவு பழையதாயினும், அந்த விலக்கே கிடையாது.

உட்குழல் இட்ட துவக்கை அடையாளம் காண்பது எளிது. குழலின் வாயை உற்று நோக்கினால், நன்றாகச் செய்த வேலையிலும், மயிரிழை போன்ற ஒரு வட்டக்கோடு தெரியும். வாங்குவோர் முதலில் பார்ப்பது அதைத்தான்.