'திருடாதே' என்றொரு கோப்பு

2017. பல்கலைக்கழக விடுதியில் இரவு மூன்று மணி. லோயாட் பிளாசாவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய என் கணினியின் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி, பாதியில் நின்றுவிட்டன.

"பேசாம விண்டோஸையே போட்டுட்டுத் தூங்குடா" என்றான் அறைத்தோழன்.

நான் கேட்கவில்லை. மேக் வாங்கக் காசில்லை. அதன் இயங்குதளத்தையாவது என் பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். இந்த வேலைக்கு 'ஹேக்கின்டாஷ்' என்று பெயர்.

இதன் கதை 2005 ஜூனில் தொடங்குகிறது. அதுவரை பவர்பிசி சில்லுகளைப் பயன்படுத்திய மேக், இனி இன்டெல்லுக்கு மாறும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். மேக்குக்கும் சாதாரணக் கணினிக்கும் மூளை ஒன்றாகிவிட்டது. ஆகவே ஆப்பிளுக்கு ஒரு பூட்டு தேவைப்பட்டது. இயங்குதளத்தின் முக்கியமான சில நிரல்களை மறையாக்கம் செய்தார்கள். அதற்கான சாவி, மேக்கினுள் விசிறியையும் மின்சாரத்தையும் கவனிக்கும் எஸ்எம்சி என்ற சிறு சில்லில் இருந்தது. இந்தக் காவலுக்கு வைத்த கோப்பின் பெயரே 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்'. திருடாதே!

ஆர்வலர்கள் விடுவார்களா? அந்தச் சில்லைப் போலவே பதில் சொல்லும் போலி நிரலை எழுதினார்கள். பயாஸ் மட்டுமே தெரிந்த கணினிகளை மேக்கின் இஎஃப்ஐ போல நடிக்கவைத்தார்கள். பின்னால் வந்த க்ளோவர், ஓபன்கோர் எல்லாம் இதே நடிப்புக்கான ஒப்பனைதான்.

2008இல் மயாமியின் சைஸ்டார் நிறுவனம் இப்படிப்பட்ட கணினிகளை விற்கத் தொடங்கியது. ஆப்பிள் வழக்குப் போட்டது. 2009இல் தீர்ப்பு ஆப்பிளுக்குச் சாதகமாக வந்தது.

நான் எதையும் விற்கவில்லைதான். ஆனால் ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்ற உரிம ஒப்பந்தத்துக்கு 'ஏற்கிறேன்' என்று அழுத்தியது என் விரல். அதை மழுப்ப முடியாது.

ஐந்தாம் நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அதற்கு இன்னும் இரண்டு இரவு. வன்பொருளும் மென்பொருளும் எங்கே கைகுலுக்குகின்றன என்று எனக்குப் புரிந்தது அந்த இரவுகளில்தான். இன்று எனக்குச் சோறு போடுவதும் அதுதான்.

2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1ஐக் கொண்டுவந்தது. இன்டெல் மேக்குகளுக்கு டாஹோதான் கடைசிப் பதிப்பு என்று 2025இல் அறிவித்தது. இப்போது மூளையே பூட்டு. நினைவகத்தைக்கூட மாற்ற முடியாது.

ஒரு நிறுவனம் தன் தேவைக்குச் சில்லை மாற்றியபோது தற்செயலாகத் திறந்த கதவு அது. நுழைந்தவர்களில் நானும் ஒருத்தன். அந்தப் பழைய பெட்டி இன்னும் அம்மா வீட்டில் இருக்கிறது. போன மாதம் தம்பி, "அண்ணே, கம்ப்யூட்டர் உள்ள எப்படி இருக்கும்?" என்று கேட்டான். பக்கத் தகட்டைக் கழற்றி அதைத்தான் காட்டினேன்.