கொல்லிமலைத் திருச்சபை ஊழியர் துணை

கொல்லிமலையில், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஜெசி பிராண்டும் 1913இல் அவரை மணந்த எவ்லினும் ஊழியத்தைத் தொடங்கினர். அங்குள்ள வாழவந்தி நாட்டில் குடியிருந்து மருத்துவம், பள்ளி, தொழிற்பயிற்சி என உழைத்தனர். முதல் உலகப் போரை ஒட்டிய விஷக்காய்ச்சலில் இறக்கும் தறுவாயில் ஒரு பூசாரி தம் பிள்ளையை இவர்களிடமே ஒப்படைத்தார். மலைமக்களின் நம்பிக்கை அதன்பின்பே கனிந்தது. 1929இல் ஜெசி கருநீர்க் காய்ச்சலில் மறைந்தார். போதிய மருத்துவ வசதியற்ற மலையில் உழைப்பவருக்குத் துணை எவ்வளவு இன்றியமையாதது என்பதை அந்த இழப்பே உணர்த்துகிறது. மிஷன் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் எவ்லின் மலைக்கே திரும்பினார். ஜெசி கனவு கண்ட பிற மலைத்தொடர்களுக்கும் உள்ளூர் உதவியாளர்களுடன் குதிரையில் சென்றார். 1974இல் மறைந்தார்.