முனைவர் பட்டம் பெற்ற கூத்து

முத்தமிழ் என்று பெருமை பேசும் நாமே, மூன்றாம் தமிழை ஆடியவரைக் 'கூத்தாடி' என்று இகழ்ந்தோம். கூத்தரை வழிப்படுத்துவதற்கென்றே கூத்தராற்றுப்படை என்னும் மலைபடுகடாம் பாடிய இனம் நம்முடையது. ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கிற்கு அளவு வகுத்தவர் இளங்கோவடிகள். ஆயினும், அக்காப்பியத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், பரதம், அகத்தியம் முதலிய பழைய நாடக நூல்கள் இறந்துபட்டன என்றே எழுத நேர்ந்தது.

இறந்ததை மீட்க இயலுமா? இவ்வினாவைப் பல்கலைக்கழக ஆய்வாக எடுத்துக்கொண்டவர் ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி. கிரேக்க நாடக ஆய்வில் புகழ்பெற்ற ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில், பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்து அவர் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1981-இல் நூலாயிற்று. நூல்கள் அழிந்திருப்பினும், பாணரும் கூத்தரும் விறலியரும் வாழ்ந்த சமூகத்தைச் சங்கப் பாடல்களில் தேடினால், அவர்தம் கலையும் புலப்படும் என்பது அவர் காட்டிய வழி.

மற்றொரு வழி, வாழும் கூத்தரிடமே செல்வது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். அவர் தயாரித்த 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆய்ந்து முனைவரானார். ஆடிய கால்களே ஆய்வும் செய்தன! நெதர்லாந்து நாட்டு ஹன்னே டி புருயின் அம்மையார் காஞ்சிபுரம் பகுதிக் கட்டைக்கூத்தை லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார். அந்நூல் 1999-இல் வெளிவந்தது. நாம் இகழ்ந்ததைக் கடல் கடந்து வந்தவர் போற்றியது நமக்குப் பெருமையா, நாணமா?

அந்தமான் வாழ் தமிழரான நமக்கு இதில் தொடர்புண்டு. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லையில் நம் தீவுகளும் சேர்க்கப்பட்டன. இங்குள்ள கல்லூரிகள் பல்லாண்டுகள் அதனோடு இணைந்திருந்தன. அப்பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி, 1922-இல் புதுவையில் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் தாங்கியது. எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி அதன் தொடக்கக் காலத்தில் பணியாற்றினார். நம் பிள்ளைகள் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்திலேயே நாடகம் ஆய்வுப்பொருளாக இருந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேயரில் நமக்கு அண்டை வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். இளமையில் தம் ஊரில் துரியோதனன் வேடம் கட்டியவர். மாலை வேளைகளில் திண்ணையில் தாளம் தட்டி விருத்தம் பாடுவார். அலுவலகத்தில் ஒரு துண்டுத் தாளையும் எண்ணிட்டுக் கோப்பில் சேர்க்கும் நாம், அவர் பாடியதில் ஓரடியைக்கூட எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்தபோது அப்பாட்டும் உடன் சென்றது. அடியார்க்குநல்லார் வருந்திய இழப்பு நம் வாயிலிலேயே மீண்டும் நிகழ்ந்தது. அதற்கு நாமே பொறுப்பு.

பெருநிலத்திலிருந்தும், இலங்கையிலிருந்து கச்சல் தீவிற்கும் வந்து குடியேறிய குடும்பங்களில் இத்தகைய முதியோர் இன்னும் இருத்தல் கூடும். முனைவர் பட்டம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. ஒரு குறிப்பேடும் பொறுமையும் எல்லார்க்கும் வாய்க்கும். கேட்டு எழுதுவோம், அதில் நம் பிள்ளையொருவர் நாளை தம் ஆய்வைத் தொடங்கட்டும்.